உள்ளும் புறமும் சுத்தம் செய்யப்பட்டது

1

இந்தக் கதை ஒரு கையெழுத்திலிருந்து பிறந்தது. கற்பனையிலிருந்து என்று சொல்லத்தான் ஆசை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'அவள் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள், இதுவரை ஒரு பொய்கூட...' (விட்டுவிட்டேன். பொய்யிலேயே ஆரம்பிக்க வேண்டாம்.)

இரண்டாவது முயற்சி: ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் சென்ட்ரிபியூஜ் ஓடும்போதே நின்றுவிட்டது. உள்ளே ஒரு குப்பி உடைந்த சத்தம் கேட்டது. மூடி இறுகிக்கொண்டு திறக்கவில்லை. பழுதே அதுதான். ஆனால் கிருமி நீக்கியதாகப் படிவம் இல்லாமல் இயந்திரத்தைப் பட்டறைக்கு எடுத்துப் போக மாட்டார்கள். மூடி திறக்காமல் உள்ளே எப்படித் துடைப்பது? அவள் வெளியே மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு, 'உள்ளும் புறமும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டாள்.*

(* 'கிருமிநாசினியில் எத்தனை நிமிடம் ஊறியது?' என்றும் ஒரு கட்டம். 'முப்பது' என்று எழுதினாள். பார்க்க நம்பிக்கையாக இருந்தது. 'திறக்க முடியவில்லை, உள்ளே ரத்தம்' என்று எழுதவும் இடம் இருந்தது. எழுதினால் பத்துக் கேள்வி வரும், வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.)

2

மெக்கானிக் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நம்புகிற மனிதர் உண்டா? நேற்று இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது சொன்னார்:

"கிளவுஸ் போட்டா ஸ்க்ரூ கைக்குப் பிடிபட மாட்டேங்குதும்மா. உங்க கையெழுத்து இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டுத் தொறப்பேன்."

அவள் சிரித்து வைத்தாள். சரி, போதும் இந்த 'அவள்'. சிரித்தது நான்தான்.

3

முடிவு ஒன்று: இன்று மட்டும் அவர் கையுறை போடுகிறார். (யாரை ஏமாற்றுகிறேன்?)

முடிவு இரண்டு: உடைந்த கண்ணாடி அவர் விரலில்...

எழுத வரவில்லை. பத்து மணிக்குத் திறப்பதாகச் சொன்னார். பத்தே கால் ஆகிறது, நான் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன மனுஷி நான்? போன் செய்கிறேன்.

4

"சொல்லுங்கம்மா. இப்பதான் மூடிய நெம்பி எடுத்தேன்."

"அண்ணே, கைய வெளிய எடுங்க! உள்ள நான் சுத்தமே பண்ணல. ரத்தம் இருக்கு, ஒடஞ்ச கண்ணாடி இருக்கு. நான் போட்டது பொய்க் கையெழுத்துண்ணே."

அவர் திட்டினால்கூடத் தேவலை. போனை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு தண்ணீர் கொட்டுகிறது, நிற்காமல். சும்மா கழுவுகிறாரா, கிழிந்த விரலைக் கழுவுகிறாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. நீங்கள் கேளுங்கள்.