கழுவிய பத்து ஜாடிகள்

1

பதினேழு பவுண் ஐம்பது பென்ஸ். பத்துக் கண்ணாடி ஜாடிகளுக்காக, லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெரு ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன். பில் வந்த அன்றுதான் இந்தக் கதை பிறந்தது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதிலேயே தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘வானம் செங்கல் நிறத்தில்...’

விட்டுவிட்டேன். வானம் எப்போதும்போலத்தான் இருந்தது. செங்கல் நிறத்தில் இருந்தது ஜன்னல் விளிம்பு.

இரண்டாவது: பழைய செங்கல்லை உடைத்துத் தூளாக்கும் தெருமுனை யார்ட்டில் யேசுரட்ணம் கூலிவேலை செய்தான். (யேசுரட்ணம் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் யார்ட் மனேஜர் வேலையால் நிறுத்திவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பயம் பயம்தான்.) பகலெல்லாம் அவன் கிளப்பிய தூசியை வீட்டில் அவன் மனைவி சிவகௌரி இருமினாள். சனியும் ஞாயிறும் மட்டும் ஜன்னலைத் திறந்து மூச்சு விடுவாள். இப்போது சனிக்கிழமையும் மெஷின் ஓட்ட யார்ட், உள்ளூர்க் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தது.

2

பல்கலைக்கழகத்தில் தூசியை ஆராயும் எட்வேட் பத்து வீடுகளுக்குப் பத்து ஜாடி கொடுத்தான். ஒரு மாதத்தில் உள்ளே விழும் தூசியை எடைபோட்டு, கவுன்சில் கூட்டத்தில் காட்டப்போவதாகச் சொன்னான். யேசுரட்ணம் தெருவுக்குத் தமிழில் சொன்னான்:

“ஜன்னலுக்கு வெளியிலை வையுங்கோ. முப்பதாம் திகதி திருப்பிக் குடுக்கவேணும்.”

கழுவக்கூடாது என்று எட்வேட் சொன்னதை அவன் சொல்ல மறந்துவிட்டான். (மறந்தது நான். எழுதும்போது அவன் தலையில் போட வசதியாக இருக்கிறது.)

முப்பதாம் திகதி பத்து ஜாடிகளும் பளபளவென்று வந்தன. இரவல் பாத்திரத்தை ஊத்தையாகக் கொடுப்பது மானக்கேடு. வெறுமையாகக் கொடுப்பது அதைவிட மோசம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடை லண்டனைப் போட்டு வறுத்ததால், எல்லா வீட்டு ஜன்னல் விளிம்பிலும் மோர்மிளகாய் காய்ந்திருந்தது. பத்து ஜாடியிலும் மோர்மிளகாய்.

எட்வேட் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஏதோ கேட்டான்.

“இஞ்சேருங்கோ, என்னவாம்?” என்றாள் சிவகௌரி.

“தூசி எங்கையாம்.”

“ரெண்டு தரம் சோப் போட்டுக் கழுவினனான் எண்டு சொல்லுங்கோ. இவர் எங்களை என்னெண்டு நினைச்சார்?”

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? யேசுரட்ணம் மிளகாயைக் காட்டி, “நல்லது, சாப்பிடும்” என்று சொல்லிவைத்தான்.

3

(இந்த இடத்தில் எட்வேட் அழுததாக எழுதினேன். வெள்ளைக்காரன் எங்கள் வீட்டில் இருந்து அழுததை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று வெட்டினேன். உண்மையில் அழுதான். மிளகாயைக் கடித்திருந்தான்.)

அழுதபடியே ஒன்றைக் கவனித்தான். பல்லில் ஏதோ நறநறத்தது. அதை நாங்கள் இவ்வளவு நாளும் கல்லுப்பு என்று நினைத்திருந்தோம். செங்கல் தூள். தயிரில் ஊறிய மிளகாயில் தூசி ஜாடியைவிட நன்றாக ஒட்டியிருந்தது. பத்தையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனான். தூசியை எடைபோட்டார்கள். ஆனால் ஜாடியிலிருந்து மிளகாய் மணம் போகவே இல்லை. அதனால் ஜாடிகளும் அந்த பில்லும் எங்களுக்கே வந்தன.

4

கவுன்சில் கூட்டம். மேசையில் மிளகாய். இது வெறும் சாப்பாடு, இதில் தூசியே கிடையாது என்றார் மனேஜர்.

சிவகௌரி இருமியபடி எழும்பினாள். “தூசி இல்லையெண்டால் ஒண்டைத் திண்டு காட்டட்டும்.”

மனேஜர் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார். அவருடைய யார்ட்டில் சவளால் தூள் அள்ளுகிறவன். யேசுரட்ணம்...

இல்லை. நான். இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவர் தின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. சிவகௌரியைப் போலவே இருமினார். அது தூசியாலா, உறைப்பாலா என்று உறுப்பினர்கள் நாற்பது நிமிடம் வாதாடினார்கள்.

5

முடிவு ஒன்று: அனுமதி இல்லை.

முடிவு இரண்டு: அனுமதி உண்டு. ஜன்னலில் மிளகாய் காயப்போடுவதற்குத் தடை.

மூன்றாவதில் எனக்கு வேலை... வேண்டாம்.

நேற்று எட்வேட்டின் கடிதம் வந்தது. ஜாடிகளை நீங்களே வைத்திருங்கள், பதினேழு பவுண் ஐம்பது பென்ஸைத் தள்ளுபடி செய்தாயிற்று என்று. அதன் பின்பக்கத்தில்தான் இதை முடிக்கிறேன். சிவகௌரி ஒரு ஜாடியைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறாள். இன்று சனிக்கிழமை. எந்த முடிவு என்று அறிய, பின்னேரம் வந்து அடியில் என்ன கிடக்கிறது என்று நீங்களே பாருங்கள். அவள் இன்னும் கழுவவில்லை. கடனும் இல்லை.