நீச்சல் தெரியும் என்று சொன்னவள்

டொராண்டோவில் ஒரு தமிழ்ப் படத்துக்கு நடிகைத் தேர்வு நடந்தபோது, நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டாள் ஜெசிந்தா. அந்தப் பொய்தான் அவளை மயிலத்துக்குப் பக்கத்தில், நிலக்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லைக் கிணற்றோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அப்பா சகாயராஜ் பக்கத்து ஊரான கூட்டேரிப்பட்டுக்காரர். கனடாவுக்குப் போய் லாரி ஓட்டினார். ஜெசிந்தா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். பள்ளி நாடகத்தில் ஒரே ஒரு வசனம், அப்புறம் பற்பசை விளம்பரம், ஒரு போலீஸ் தொடரில் பிணம். இருபத்து நாலு வயதில் முதல் கதாநாயகி வேடம். அதுவும் வீட்டில் அப்பாவோடு பேசிப் பழகிய ஊர்த் தமிழுக்காகக் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் நீச்சல் வகுப்புக்குப் போனாள். தண்ணீர் மார்பைத் தொட்டாலே மூச்சு அடைத்தது.

கிணற்றில் நாலு ஆள் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். கதாநாயகி கிணற்றில் குதிக்கும் காட்சி; குதிக்க இன்னும் பத்து நிமிடம்.

பாதுகாப்புக்கென்று அமர்த்தியிருந்த உள்ளூர்ப் பெண் பிரபாவதி கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மா, கை இப்படி சில்லுனு கீது?"

"அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது. யாருகிட்டயும் சொல்லாதீங்க. படத்துலேர்ந்து தூக்கிடுவாங்க."

பிரபாவதி அவள் முகத்தையே பார்த்தாள். "தூக்குனா தூக்கட்டும். உள்ள போய்ட்டா யாரு தூக்குறது? போய் சொல்லு. நானும் வர்றேன்."

டைரக்டர் தமிழ்மணியிடம் இருபதடி நடந்து போனாள். சொல்லி முடித்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"குதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்றார். ஆனால் அவளைத் தூக்கவில்லை; குதிக்கிற இடத்துக்கு மட்டும் ஆளை மாற்றினார்.

ஜெசிந்தாவின் புடவையைக் கட்டிக்கொண்டு பிரபாவதி குதித்தாள். முகத்தைக் கிட்டத்தில் எடுக்க ஜெசிந்தா படியில் இறங்கினாள். கழுத்தளவுத் தண்ணீரில், காமிராவுக்குத் தெரியாமல் பிரபாவதி அவள் இடுப்பைப் பிடித்திருந்தாள். ஜெசிந்தாவுக்குக் கால் வழுக்கியது. ஒரு கணம் தலை முங்கியது. எழுந்தபோது அவள் கத்திய கத்தல் வசனத்திலேயே இல்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடம் இரண்டு படங்களுக்குக் கூப்பிட்டார்கள். பிரமாதமாக நடித்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.