தூதுப்பெண்ணின் பாட்டு

எமில்டாவுக்குப் பாட்டுப் பறிபோனதைவிட, அது பறிபோன விதம்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

1991 மாரியில், அவள் குடியேறியிருந்த ஆங்கிலேய ஊரான ஃபாரஸ்ட் கேட்டின் பாடகர் குழு, ஏறக்குறைய முந்நூறு வருடப் பழைய இத்தாலிய இசைநாடகமான ஒபெரா ஒன்றைக் கொன்சேட்டாகப் பாடப் பழகிக்கொண்டிருந்தது. வேடமில்லை, நடிப்பில்லை, எல்லோரும் கறுப்பு உடுப்பில் நின்று பாடவேண்டியதுதான். இளவரசன் இறந்த செய்தியை அரசியிடம் கொண்டுவரும் தூதுப்பெண்ணின் பாட்டுக்கு எமில்டாவைத் தெரிவுசெய்தவரே குழுவை நடத்திய கொலின்தான். மன்னாரில் கோயில் பாட்டுக்குழுவில் வளர்ந்த குரல் அவளுடையது. வேலைக்குப் போகும் ரயிலில் அந்த இத்தாலியச் சொற்களை முணுமுணுத்தே மனப்பாடமாக்கியிருந்தாள்.

கொன்சேட் நெருங்கிய வேளையில் கொலின் அவளை ஓரமாக அழைத்தார்.

"பாட்டைப் போலீனுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் உச்சரிப்பு சனங்களுக்கு விளங்காது." போலீன் குழுவில் பாடிய ஆங்கிலேயப் பெண்.

"இது இத்தாலியன். வாற சனத்தில ஆருக்கு இத்தாலியன் விளங்கும்?"

கொலின் இசைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார். "சனிக்கிழமை போஸ்டருக்குப் படம் எடுக்கிறோம். சேலை உடுத்து முன்வரிசையில் நில்லுங்கள். குழுவுக்குக் காசு தரும் நகர கவுன்சில்காரருக்குப் பிடிக்கும்."

வீட்டில் கணவன் சவிரிமுத்து சமாதானம் சொன்னார். "விடுமப்பா. அவங்கட ஊர், அவங்கட பாட்டு."

"அவங்கட பாட்டோ? அதை எழுதின மனுசன் ஃபாரஸ்ட் கேட்டிலயோ பிறந்தவர்?"

சனிக்கிழமை எமில்டா கறுப்பு உடுப்பில் போய்ப் பின்வரிசையில் நின்றாள். கொலின் முகம் சுளித்தார். "சேலை எங்கே?"

"என்ர சேலை வேணும், முகம் வேணும், குரல் மட்டும் வேண்டாமோ?" மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "ரெண்டு பேரையும் இப்ப பாடச் சொல்லுங்கோ. போலீன் திறமாய்ப் பாடினா நானே முதல் கைதட்டுறன்."

போலீனின் முகம் சிவந்தது. "உங்களுக்குத் தொண்டை சரியில்லை, நீங்களே விலகிவிட்டீர்கள் என்றல்லவா இவர் சொன்னார்?"

எமில்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. உச்சரிப்பு என்றதையாவது பொறுத்திருப்பாள். அவள் சொல்லாத பேச்சை அவள் வாயில் வைத்தல்லவா அந்த மனுசன் அவளை வெளியே தள்ளியிருக்கிறார்!

போலீன் தன் இசைத்தாளை எமில்டாவிடம் நீட்டினாள். "நான் பாடமாட்டேன்." பக்கத்தில் நின்ற பெண்களும் தாள்களை மூடினார்கள். கொலின் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "சரி, சரி. எமில்டாவே பாடட்டும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. எமில்டா கேட்டும் வரவில்லை.

கொன்சேட் அன்று அவள் பாடி முடித்தபோது மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. தேநீர் வேளையில் கொலின் கவுன்சில்காரர் ஒருவரை அழைத்துவந்தார்.

"எமில்டா என்னுடைய கண்டுபிடிப்பு" என்றார் பெருமையாக.

"இல்லை," என்றாள் எமில்டா. "என்னைப் பாடவிடாமல் பொய் சொன்னவர் இவர். போலீனைக் கேளுங்கோ."

கவுன்சில்காரர் கொலினைத் திரும்பிப் பார்த்தார். எமில்டா அவர்களை அங்கேயே விட்டுவிட்டு, கணவனோடு போலீன் இருந்த மேசைக்குப் போனாள்.