மூன்றாவது கிளட்ச் பிளேட்

செய்த வேலையையே திரும்பச் செய்வது எனக்கு அறவே பிடிக்காது. ஒரே காருக்கு ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை கிளட்ச் பிளேட் மாற்றிவிட்டு, மழை விடுவதற்குள் அதே கார் மறுபடியும் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அதுவும் வந்தது அக்கா வீட்டுக்காரர் என்றால், வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை. நான் திட்டினேன் என்பது வேறு விஷயம்.

"சின்னவளே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நீ போட்ட பிளேட்டு சரியில்ல போல" என்று சொல்லிக்கொண்டே மாமா உள்ளே வந்தார்.

"பிளேட்டு சரியாத்தான் இருக்கு. ஓட்டுற ஆளுதான் சரியில்ல" என்றேன். "முதல்ல இன்னொரு செருப்பு எங்க? கல்யாண வீட்ல தொலைச்சுட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க."

மாமா குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக, நான் காலையில் அரத்தால் ராவிப் போட்ட இரும்புத்தூளின் மேல் நின்றுகொண்டிருந்தது. "வண்டிக்குள்ள கழண்டிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் காரில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். முன்சீட்டில் உட்காருவது என் மகள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பெருமை. மலையடிவாரத்துச் சாலை, இறக்கம், வளைவு. அதில் வண்டி இழுக்காமல் நின்றால் பின்னால் வருகிற லாரி நிற்காது. அதனால் வாய் ஒரு பக்கம் திட்டினாலும் கை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். பிளேட் நன்றாக இருந்தால் என்ஜின் ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துவிட வேண்டும். அது அணையவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறியது. கருகின வாடை மூக்கில் ஏறியது. பிளேட் தேய்ந்து வழுக்குகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் ஏன்?

கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன், பெடலில் வேண்டிய அளவு தளர்ச்சி இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. மிச்சம் ஒன்றுதான். ஓட்டுகிறவர் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். லேசாக வைத்தாலே போதும், பிளேட் முழுசாகப் பிடிக்காமல் உரசி உரசிக் கருகிவிடும்.

"கால மேலயே வச்சு ஓட்டுறீங்க" என்றேன்.

"சத்தியமா இல்ல. முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கே பாடமா?"

"அப்ப ஏறுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

பஞ்சாலைச் சுவரை ஒட்டிப் போகும் நேர்ரோட்டில் விட்டோம். நாலாவது கியர். என்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. நான் வேக முள்ளைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தேன். இடது கால் பெடல் மேலேயே இருந்தது.

"கால எடுங்க மாமா."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல."

"கீழ தரையிலதான்மா இருக்கு."

எனக்கு உச்சிமண்டைக்கு ஏறிவிட்டது. கண்ணெதிரே பெடலை மிதித்துக்கொண்டு பொய் சொல்கிறாரே மனுஷன். இரண்டு பிளேட், இரண்டு நாள் கை வலி, அக்காவிடம் கேட்ட பேச்சு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கிக் காலைப் பெடலிலிருந்து இறக்கினார்.

பொய் சொல்கிறவருடைய முகம் இல்லை அது.

"எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா மரத்தாப்ல இருக்கு. சர்க்கரை இருக்கில்ல, அதனாலதானாம். உங்க அக்காகிட்ட சொல்லிடாத, வண்டிச் சாவிய புடுங்கி வச்சுக்குவா." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "இடது கால்தானே சின்னவளே. கிளட்சு மட்டும்தான். பிரேக்கு வலது கால்ல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆமாம், கிளட்ச்தானே.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பும் வழியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மாமாவின் தலை ஒரு தடவை கீழே குனிந்து நிமிர்ந்தது. அதற்கு அப்புறம்தான் பிரேக் விழுந்தது. லாரியின் பின்பலகையில் தெறித்திருந்த சேற்றுப் புள்ளிகளை எண்ணிவிடலாம்போல் அத்தனை நெருக்கத்தில் நின்றோம்.

போன வாரம் என் மகள் சாப்பிடும்போது சொன்னாள். "பெரியப்பா வண்டி ஓட்டும்போது கீழயே பாக்குறாரும்மா." "எதையாவது கீழ போட்டிருப்பாரு, நீ சாப்பிடு" என்றேன் நான்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றதும் சாவியை உருவிக்கொண்டேன். "சாவிய குடு, மணி அடிக்கிற நேரமாச்சு, பிள்ளைங்க கேட்டுல நிப்பாங்க" என்றார். நான் கதவைத் திறந்து சுற்றி வந்து அவர் பக்கம் குனிந்தேன். செருப்பு சீட்டுக்கு அடியில் கிடந்தது. பிரேக் பெடலின் ரப்பர் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ரத்தம்.

"வலது கால வெளிய நீட்டுங்க."

நீட்டினார். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, என் கடையின் திருகாணி ஒன்று தலைவரைக்கும் இறங்கியிருந்தது. என் தரையில் நடந்தபோது ஏறியது. அதோடுதான் நேர்ரோடு முழுக்க ஓட்டினார், அதை வைத்துத்தான் அந்த லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தார். இன்று காலையும் இதே காலை நம்பித்தான் என் மகள் முன்சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

"ஆணி ஏறியிருக்கு மாமா."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். காலைப் பார்க்க அவருக்கு மனசில்லை. "குனிஞ்சு பாத்து பாத்துத்தான் வைக்கிறேன் சின்னவளே. ஒரு தடவகூடத் தப்பினதில்ல" என்றார்.

நான் குறடை எடுத்தேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். பல்லைக் கடித்தார்.

"இழுக்கும்போது சொல்லு" என்றார்.

திருகாணி ஏற்கெனவே என் உள்ளங்கையில் இருந்தது.