முன்னால் ஓடுகிறவன்

பெரினாக்காவின் கல் மதிலை நான் இடிக்கவில்லை. அதன்மேல் ஏறினேன், அவ்வளவுதான். இடிந்தது அதன் சொந்த முடிவு.

ஆனால் சரிந்த கற்களுக்கு நடுவில் பச்சை நிற ஓட்டக் காலணியோடு மல்லாந்து கிடந்தவன் நான். எதிரே எட்டு ஆஸ்திரியர்கள் செல்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். அதனால் என் வாதம் ஊரில் எடுபடவில்லை.

எங்கள் தீவில் கடலோரம் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு பாதை உண்டு. துறைமுகத்தில் தொடங்கி, பைன் மரங்களுக்குள் புகுந்து, குடாக்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு, கலங்கரை விளக்கு முனையில் ஏறி, மீனவர்களின் சிறு தேவாலயத்தில் முடியும். வழி நெடுகப் பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக அடையாளம் பூசியவன் நான். வெளியூர் விருந்தினர்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு ஓடுகிறவனும் நான். யாரும் வழிதவறாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருகிறவள் என் மகள் தோன்கா. பெரிய வருமானமில்லாத தொழில்தான், ஆனாலும் ஊரில் என்னை ‘முன்னால் ஓடுகிறவன்’ என்று சொல்வார்கள். மளிகைக் கடைக்கு நான் நடந்து போனால்கூட, "என்ன லோவ்ரே, இன்னிக்கு யாரை இழுத்துட்டுப் போற?" என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அன்று விவகாரம் என்னவென்றால், விருந்தினர்களில் ஒருவர் பல் மருத்துவர். அறுபதைத் தாண்டியவர். என் முதுகுக்குப் பின்னால் மூச்சுகூட வாங்காமல் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அவர் முந்திவிட்டால் என் கதி என்ன? "இந்தப் பக்கம் ரகசியக் காட்சி ஒன்று இருக்கிறது" என்று அறிவித்துவிட்டு, முனையைச் சுற்றாமல் பெரினாக்காவின் ஆலிவ் தோப்பு வழியே குறுக்கே போகப் பார்த்தேன். அவர்கள் பார்த்த ரகசியக் காட்சி நான்தான்.

பெரினாக்கா மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"லோவ்ரே, கதவுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தெரியும் பெரினாக்கா. அது சுத்து."

"இப்ப கிட்ட ஆயிடுச்சா?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வலது முழங்கால் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

மதிலைச் சரித்தவன்தான் அதை அடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, வேறு யாரும் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. அடுக்கி முடிக்கும்வரை அவனுக்கு மதியச் சாப்பாடு மதிலுக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. தண்டனை இரண்டு பேருக்கும் சமம். இதை ஏற்படுத்திய முன்னோர், அக்கம்பக்கத்தார் சண்டை எவ்வளவு நீளும் என்பதை நன்றாக அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே மறுநாளிலிருந்து கல் பொறுக்கினேன். எங்கள் மதிலுக்குக் கலவை கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. இரண்டு பக்கமும் பெரிய கல், நடுவில் பொடிக் கல், மேலே கடவுள். ஒரு கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்து, அது ஆடி, மறுபடி எடுத்து, வேறு கல்லைத் தேடி… கடலோரம் முழுக்க ஓடினாலும் வராத களைப்பு, நின்ற இடத்திலேயே வந்தது.

போதாக்குறைக்கு யூகோ. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று. அது அடிக்கத் தொடங்கினால் கடல் சாம்பல் நிறமாகும், துவைத்த துணி காயாது, ரொட்டி நமுத்துப்போகும், மனிதர்களும் அப்படியே. யூகோ அடிக்கும்போது எங்கள் ஊரில் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். வீடு விற்க மாட்டார்கள், பெண் பேச மாட்டார்கள், ஆமாம் இல்லை என்ற இரண்டு சொற்களையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். காற்று வடக்கே திரும்பியதும் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கோ ஒரு முடிவு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வசந்தகால ஓட்டம். எதிர்க்கரையிலுள்ள ஸ்பிளிட் நகரத்திலிருந்து கப்பல் நிறைய ஆட்கள் வருவார்கள். நான் முன்னால் ஓடலாமா, கூடாதா? மதிலோடு விழுந்து முழங்கால் வீங்கியவனுக்கு இது பெரிய சந்தேகமே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முன்னால் ஓடாத லோவ்ரே யார் என்று எனக்குத் தெரியாது. இதுவரை அவனைச் சந்தித்ததில்லை.

ஊர் மருத்துவரிடம் போனேன். முழங்காலை அமுக்கினார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பாக்கலாம் லோவ்ரே. காத்து மாறட்டும்."

மதியம் பெரினாக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கோடு மசித்த கீரை, உப்பில் ஊறிய மத்தி மீன், தண்ணீர் கலந்த ஒயின். நேற்றும் அதுதான். முந்தாநாளும் அதுதான். நான் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது அவள் சமையலிலேயே தெரிந்தது.

"பெரினாக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் முன்னால ஓடலாமா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"காத்து மாறட்டும்னார்."

"அப்ப மாறட்டும்."

"காத்து மாறினா முழங்கால் மாறுமா?"

"கீரை இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"தட்டைக் காட்டுடா," என்றாள். காட்டினேன். வைத்தாள். பிறகு நான் அடுக்கிய பகுதியைப் பார்த்து, "வயித்தைத் தள்ளிட்டு நிக்குது, உன்னை மாதிரியே," என்றாள். பிரித்து மறுபடி அடுக்கினேன்.

சனிக்கிழமை பிற்பகல் தோன்கா வந்தாள். பாதையில் அடையாளங்கள் சரியாக இருக்கின்றனவா என்று முழுதும் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உதவக் கூடாது என்பதால், தோப்பின் நிழலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரினாக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். மேல்வரிசைக்கு ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினேன். பாதி உயரத்துக்கு மேல் அது வரவில்லை. கீழே வைத்தேன்.

"அப்பா, தண்ணி குடி."

"தோன்கா, நாளைக்கு நான் முன்னால ஓடவா?"

"துறைமுகத்துல நாற்காலி எல்லாம் போட்டாச்சுப்பா."

"நாற்காலியைக் கேக்கல."

"பேனரும் வந்துடுச்சு. காத்துல ஒரு கயிறு அறுந்துபோச்சு, அதை…"

"மகளே, நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேட்டேன், பொண்ணா பையனான்னு. அன்னிக்கும் யூகோதான் அடிச்சுது. அந்த நர்ஸ்கூட ஒரே வார்த்தைல சொல்லிட்டா."

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள். பெரினாக்கா மடியில் இருந்த கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு, "அடுப்புல ஏதோ வெச்சேன்," என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் பாதி மதிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணெதிரே கடல் மந்தமாகப் புரண்டுகொண்டிருந்தது. தோன்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தாள். இந்த முகத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அவள் எப்போதும் எனக்குப் பின்னால்தானே வருகிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். முப்பது வயதுக்கு அது அதிகம்.

"உனக்குச் சங்கடமா இருந்தா விடு," என்றேன். "காத்து மாறினப்புறம் சொல்லு."

"இல்லப்பா. இப்பவே சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "ஓட வேணாம். நாளைக்கு மட்டும் இல்ல, இனிமே முன்னால ஓடவே வேணாம். போன வருஷத்துலேருந்து பின்னால நான் என்ன பண்றேன்னு தெரியுமா? ஒவ்வொரு வளைவுலயும் எல்லாரையும் நிறுத்தறேன். அதோ டால்ஃபின், எல்லாரும் போட்டோ எடுங்கன்னு கத்தறேன். அங்க ஒரு டால்ஃபினும் கிடையாது. நீ கொஞ்ச தூரம் போற வரைக்கும் அவங்களைப் பிடிச்சு வெக்கணும். உன்னை யாரும் தாண்டிடக் கூடாது. அதுக்குத்தான் அவ்வளவு பொய்யும். என்னால முடியலப்பா. நான் களைச்சுப் போயிட்டேன். நீயும்தான்."