முச்சந்தி ஆந்தை

தலையைப் பொருத்திய அன்றுதான் அது ஆந்தை என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் எஸ்டேட் பட்டறையில் வெல்டர். ஐந்து மாதமாகப் பட்டறைக்குப் பின்னால் அவர் பற்றவைத்துக்கொண்டிருந்ததைக் கழுகு என்றே நம்பியிருந்தேன். என்ன பறவை என்று கேட்டால் "பெரிய பறவை" என்பார். கழுத்துக்குக் கீழே எனக்கு எல்லாப் பறவையும் ஒன்றுதான். அன்று தேநீர் கொண்டுபோனேன். பழைய ஆஸ்ட்ரோ டிவி தட்டை வெற்றிலை வடிவில் வெட்டி முகமாக்கி, இரண்டு லோரி பேரிங்குகளைக் கண்களாக வைத்திருந்தார். பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து அது என்னைப் பார்த்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு நடந்தேன். நான் பேசாமல் திரும்பினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும்.

யோசனை என்னவோ செல்லனுடையது. தஞ்சோங் காராங் சாலையிலிருந்து எஸ்டேட்டுக்குள் திரும்பும் முச்சந்தியில் ஒரு பறவை இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேனேஜர் சொன்னதோடு சரி. எந்தப் பறவை என்று சொல்லவில்லை. செல்லன் எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவன். இருபது வருடம் செம்பனைக் குலை வெட்டினான். முதுகு போன பிறகு அவனுக்கு ஆந்தைக் கூடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். எலியைப் பிடிப்பதற்காக எஸ்டேட் முழுக்கக் கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஏறிக் குஞ்சுகளை எண்ணுவது அவன் வேலை. "அண்ணி, நாப்பத்திரண்டாம் நம்பர்ல அஞ்சு குஞ்சு" என்று தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். ஆகாத பறவையை வீட்டு வாசலில் எண்ணாதே என்று திட்டுவேன். சிரிப்பான்.

இறகுகளுக்கான இரும்பையும் அவன்தான் சேர்த்தான். குலை வெட்டும் அரிவாளைத் தீட்டித் தீட்டி விரல் அகலம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டவற்றைக் கோணிக் கோணியாகக் கொண்டுவந்து பட்டறையில் கொட்டினான். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்து ஒட்டினார். முச்சந்தியில் நிறுத்தியதும், வெயிலில் அது மின்னுவதைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பறவையை முச்சந்தியில் நிறுத்திய பதின்மூன்றாம் நாள் காலை, வெளிக்குழாயில் பல் விளக்கிக்கொண்டிருந்த செல்லன் அப்படியே உட்கார்ந்தான். குவாலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு.

லயத்தில் யாரும் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் சொன்னார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் அன்னம்மாகூட, "கூரைமேல ஒரு நாள் உக்காந்தாலே ஆகாது. இது இறங்காமலே நிக்கிது" என்றாள். செல்லனின் மனைவி மோகனா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளும் நானும் ஒரே வருடம் இந்த லயத்துக்கு மருமகளாக வந்தவர்கள். நர்சரியில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். பதினாறாம் நாள் காரியத்தில் நான் பந்தி பரிமாறினேன். என் கையால் அவள் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் போனால் எழுந்து உள்ளே போய்விடுவாள். புஞ்சாக் ஆலாமில் இருக்கும் மகள் அன்பரசி வந்து அழைத்துப் போகப்போகிறாள், ஞாயிற்றுக்கிழமை லோரி வருகிறது என்று அன்னம்மாதான் எனக்குச் சொன்னாள். மோகனா ஊரைவிட்டுப் போவதை மூன்றாம் ஆள் சொல்லி நான் கேட்டேன்.

ஆந்தைதான் செல்லனைக் கொண்டுபோனது என்று நான் நம்பினேனா? பாதி நம்பினேன். நம்பாத மீதிப் பாதிக்கும் மோகனா வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன். "அத வெட்டிப் போட்டுடுங்க."

"மேனேஜருக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"செல்லனுக்கு?" என்றார். "அவன் ஆசைப்பட்டுக் கேட்டதுடி. நான் கழுகு செய்யலாம்னுதான் இருந்தேன்."

"செத்தவனுக்கு ஆசையில்ல. இருக்கிறவளப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பாதிச் சோற்றோடு கை கழுவினார்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தபோது அவர் வீட்டில் இல்லை. இரும்பு வெட்டும் கேஸ் தோம்பை வண்டியில் வைத்து முச்சந்திக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். எதற்கு ஓடினேன், வெட்டச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா, எனக்கே தெரியவில்லை. ஐந்து மாத வேலை. அதன் காலடியில் மண்டிபோட்டு வெட்டும் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வெல்டிங் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். மோகனா. அவள் வீட்டு வாசலில் லோரி நின்றிருந்தது, மெத்தை ஏற்றியிருந்தார்கள். என்னைத் தாண்டிப் போய் இவர் பக்கத்தில் நின்றாள்.

"வெட்டப் போறீங்களாண்ணே?"

இவர் தலையாட்டினார்.

"அவரோடது எது?"

இவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு எழுந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இடது இறக்கையைத் தூக்கின மாதிரி செய்திருந்தார். அதற்கு அடியில், சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு வரிசையைக் காட்டினார். ஒன்பது அரிவாள். அடுத்தவன் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க, குலை வெட்டுகிறவர்கள் அரிவாளின் அடியில் அடையாளம் ராவி வைப்பார்கள். செல்லனுடையது மூன்று வெட்டு.

"வெளிய நல்லாத் தெரியிற மாதிரி வைக்கிறேன்னேன். வேணாம்ணே, குஞ்சு ஒதுங்குற எடத்துல வைங்கன்னான்."

மோகனா இறக்கைக்கு அடியில் தலை குனிந்து நுழைந்தாள். ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்று வெட்டில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். எண்ணுகிறாள் என்று நினைத்தேன். நேரம் போனது. லோரிக்காரன் ஒரு முறை ஹாரன் அடித்தான்.

"ஒண்ணு மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே."

இவர் நெருப்பை அடியில் காட்டினார். வரிசையின் ஓரத்திலிருந்த அரிவாள் சிவந்து, கழன்று, புல்லில் விழுந்தது. புல் கருகியது. "பொறும்மா, தண்ணி ஊத்துறேன்" என்று அவர் திரும்புவதற்குள் மோகனா முந்தானையால் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். துணி பொசுங்கும் வாடை எனக்கு வந்தது. ஆனால் அவள் விடவில்லை.

"சூடா இருக்கு, புஷ்பா" என்றாள்.

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு என் பெயர். நான் தலைத்துண்டை உருவி நாலாக மடித்து, அரிவாளின் இன்னொரு முனையைத் தாங்கினேன். அவள் நடந்தாள், நானும் நடந்தேன். லோரி நின்ற பக்கமா, வீட்டுப் பக்கமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒரே வழிதான். இவர் நெருப்பை அணைக்காமல், வெட்டவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இரண்டு பேர் கையும் இரும்பில் இருந்தது.