கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் என் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். வாயைப் பிளந்து கிடந்ததால் என்னால் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே சம்பவம் அவருடையது, சந்தேகமெல்லாம் என்னுடையது. (தோழியின் கதை என்றார். அது தன் கதைதானோ என்பது முதல் சந்தேகம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெண்ணெயும் சர்க்கரையும் குழையும் மணத்தில் அந்த வீடே மயங்கி—

இல்லை. வீடு மயங்கவில்லை, புகைந்துகொண்டிருந்தது. சின்னவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கருகிய கேக்கைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது. மேலே கரி, உள்ளே கூழ்.

அவள் கணவன் எட்டிப் பார்த்தான். "அண்ணி செஞ்சா இப்படி ஆகாதே."

"அப்போ அண்ணி வீட்டுலயே போய் இருங்க."

"அதுக்குத்தானே மாடிக்கு வரச் சொல்றாங்க."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் விஷயமே அதுதான். அவன் அண்ணன் மனைவி, அதாவது பெரியவள், தங்கள் வீட்டு மாடிக்கு இவர்களைக் குடிவரச் சொல்லியிருந்தாள். ஞாயிறு விருந்தில் பதில் சொல்ல வேண்டும். விருந்துக்குக் கேக் கொண்டுவருவதாகச் சின்னவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். மறைந்த மாமியாரின் சமையல் புத்தகத்தைப் பெரியவளே கொடுத்தனுப்பினாள். தையல் விட்டுப்போய், பக்கத்துக்குப் பக்கம் வெண்ணெய்க் கறை. அதில் இருந்த அளவு, அதில் இருந்த சூடு. சின்னவள் ஒன்றும் மாற்றவில்லை.

3

பெரியவளை எனக்குப் பிடிக்கும். என் நாவல்களில் ஓரகத்திகள் கடைசி அத்தியாயத்தில் கட்டிக்கொண்டு அழுவார்கள், வாசகிகளும் அழுவார்கள். அந்தப் பழக்கத்தில் இவளையும் நல்லவளாகவே எழுதிவந்தேன். ஆனால் சின்னவள் போனில் கேக் பக்குவம் கேட்டபோது, "புத்தகத்துல இருக்கிறதுதாம்மா, வேற என்ன இருக்கு" என்று ஏன் அத்தனை வேகமாகச் சொன்னாள்?

[இந்த வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.]

4

கேக் தட்டு இரவல் வாங்கும் சாக்கில் சின்னவள் அங்கே போனாள். தட்டைத் தேடிப் பெரியவள் உள்ளே போன நேரம், சமையலறையில் இவள் தனியாக நின்றாள். ஓவன் புத்தம் புதிது. உள்ளே கேக் வெந்துகொண்டிருந்தது. அதன் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி சொருகியிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அவள் கேட்கவில்லை. (கேட்க வைத்துப் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள்.) வீட்டுக்கு வந்து கணவனிடம்தான் கேட்டாள்.

"அதுவா? அம்மாவோட ஓவன் கண்டபடி சூடாகும். கரண்டி சொருகித்தான் வெப்பாங்க. புத்தகத்துல எழுதின சூடும் அந்தக் கணக்குதான்."

"கரண்டியைப் பத்திப் போடலையே."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும்னா?"

அவன் செருப்பைத் தேடினான்.

மாமியார் சொருகியதைப் பார்த்துப் பெரியவளும் சொருகியிருக்கலாம். கை செய்வதைச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அல்லது அந்த ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அப்படியானால் மாடிக்கு ஏன் கூப்பிட வேண்டும்? மேலே ஒருத்தி தினமும் தோற்றுக்கொண்டிருந்தால், கீழே இருப்பவளுக்குச் சௌகரியம்தானே. [இது என் புத்தி. மருத்துவர் இதைச் சொல்லவில்லை.]

5

ஞாயிறு. கரண்டி சொருகிச் சுட்ட மூன்றாவது கேக் பூப்போல எழும்பியிருந்தது. பக்கத்தில் மாடிச் சாவி. பெரியவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். நிமிர்ந்தாள்.

"இடுக்குல கரண்டி வெச்சியாம்மா?" என்று ............ கேட்டாள்.

கோடிட்ட இடத்தில் 'நிம்மதியாக' என்று எழுதினேன். அடித்தேன். 'திடுக்கிட்டு' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மருத்துவர் எந்தக் குரலில் அதைச் சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துக் குடையும் கருவி இரைந்தது. அடுத்து அவர் சொன்னது, "கொப்புளிச்சுத் துப்புங்க."

துப்பினேன். "மாடிக்குப் போனாங்களா?" என்று கேட்டேன். மரத்துப்போன நாக்கில் அது என்னவாகக் கேட்டதோ, "சாயங்காலம் சரியாயிடும்" என்றார்.

சாவி இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. சின்னவள் அதைப் பார்க்கவில்லை, பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். என்னிடம் கேட்காதீர்கள், நான் இருவரையும் சந்தேகப்பட்டுக் கெட்டுப்போனவள். நீங்கள் போடுங்கள்.